ஆர்டிஎக்ஸ் 4060, சைபர்பங்க் 2077, அப்புறம் ஒரு காலி ரேம் ஸ்லாட்டு

மொதல்லயே சொல்லிடறேன், இது அன்பாக்ஸ் பண்ணி ரெண்டே நாள்ல எழுதற ரிவ்யூ இல்ல. என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4060 8ஜிபி கிராபிக்ஸ் கார்டு வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல முக்காவாசி நேரம் ஓடுனது சைபர்பங்க் 2077ங்கற கேம் ஒண்ணு தான். கார்டு எப்படின்னு ஒரு வரில கேட்டீங்கன்னா, 1080பி மானிட்டர் வச்சிருக்கறவனுக்கு நல்ல கார்டு, கண்ண மூடிட்டு எல்லா கிராபிக்ஸ் செட்டிங்ஸையும் அல்ட்ரால வச்சு ஆடலாம்னு நெனைக்கறவனுக்கு இல்ல. ஆனா நான் எழுத வந்தது அது இல்ல. கார்டு வாங்குன மொத மாசம் முழுக்க நான் அத திட்டிட்டே இருந்தேன், கடைசில பாத்தா அது மேல ஒரு தப்பும் இல்ல. அந்த கூத்த சொல்லலாம்னு தான்.

கேம் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். போலந்துல இருக்கற சிடி ப்ராஜெக்ட் ரெட் கம்பெனி பண்ணது, 2020 டிசம்பர் 10ம் தேதி வந்துச்சு, வந்தப்ப அவ்ளோ பக், ஒரு வாரம் பத்து நாள்லயே சோனி அவங்க ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க, மறுபடி உள்ள வர அடுத்த வருஷம் ஜூன் ஆயிருச்சு. அப்புறம் பேட்ச் மேல பேட்ச் போட்டு 2023 செப்டம்பர்ல 2.0 வந்துச்சு பாருங்க, அதுல இருந்து வேற கேம். அதே மாசம் ஃபேண்டம் லிபர்ட்டின்னு கூடுதல் கத பேக்கும் வந்துச்சு. அந்த 2.0வோட சேத்து சிஸ்டம் ரெக்வயர்மெண்ட்டையும் ஏத்துனாங்க. ஹார்ட் டிஸ்க் கிடையாது, எஸ்எஸ்டி கட்டாயம், 70 ஜிபி எடம், மினிமம் 12 ஜிபி ரேம், கார்டு கொறஞ்சது ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி இல்லன்னா ஆர்எக்ஸ் 580 8ஜிபி. ரெகமெண்டட்ல ஒரு வேடிக்க என்னன்னா கார்டு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் போதும்னு போட்டுட்டு ப்ராசசருக்கு மட்டும் ஐ7 12700, ரைசன் 7 7800எக்ஸ்3டின்னு போட்டிருந்தாங்க. கார்டு பழசு, ப்ராசசர் புதுசு. அத பாத்துட்டு "இவனுங்களுக்கு வேற வேல இல்ல"ன்னு சிரிச்சுட்டு போயிட்டேன். அந்த லிஸ்ட்லயே பதில் இருந்துருக்கு, எனக்கு தான் படிக்க தெரியல.

என்னோட பழைய சிஸ்டம் 2020ல அசெம்பிள் பண்ணது. ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம் (ஒத்த ஸ்டிக், இது முக்கியம், பின்னாடி வருவேன்), ஜிடிஎக்ஸ் 1650 4ஜிபி. 1650 மினிமமுக்கும் கீழ. இருந்தாலும் எல்லாத்தையும் லோல வச்சு எஃப்எஸ்ஆர (படத்த சின்னதா வரஞ்சு பெருசாக்கி காட்டற வித்தை) பெர்ஃபார்மன்ஸ்ல போட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டேன். படம் எப்படி இருக்கும்னா மழைல கண்ணாடி போட்டுட்டு பைக் ஓட்டற மாதிரி இருக்கும். தூரத்துல வர ஆள் ஆம்பளையா பொம்பளையான்னு கிட்ட வந்தா தான் தெரியும். கத புடிச்சு போனதால பொறுத்துக்கிட்டேன். ஃபேண்டம் லிபர்ட்டி வாங்கி அதுல வர டாக்டவுன் ஏரியா உள்ள கால் வச்சதும் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம், அதாவது படம், வருதுங்கற கணக்கு) 20, 22ன்னு எறங்குச்சு, அன்னைக்கு முடிவு பண்ணேன் கார்டு மாத்தணும்னு.

ஆன்லைன்லயே ஆர்டர் போட்டிருக்கலாம். ஆனா என்னமோ கிராபிக்ஸ் கார்டுன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டு போய் கைல எடுத்து பாத்து வாங்குனா தான் வாங்குன மாதிரி இருக்கு. வேளச்சேரில பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டைல எறங்கி நடந்தேன். போனவங்களுக்கு தெரியும், அந்த சந்துல ரெண்டு பேர் எதிர எதிர வந்தாலே ஒருத்தன் ஒதுங்கணும், அதுல ஒருத்தன் தலைல மானிட்டர் பொட்டிய வச்சுட்டு "சைடு சைடு"ன்னு வருவான். சனிக்கிழம போனது என் புத்தி.

மொத கடைல ஒரு அண்ணன், "என்ன தம்பி பட்ஜெட்டு?"ன்னாரு. 30க்குள்ளன்னேன். "அவ்ளோ எதுக்கு, 3050 எடுத்துக்கோ, அதுவும் ஆர்டிஎக்ஸ் தான், எல்லா கேமும் ஓடும்." பொட்டிய வாங்கி திருப்பி பாத்தா 6ஜிபி மாடல். இங்க தான் நெறைய பேர் ஏமாறுறாங்க. 3050ன்னு பேர் ஒண்ணு தான், ஆனா 8ஜிபி வேற 6ஜிபி வேற. 6ஜிபில கோர் கம்மி, மெமரி பஸ்ஸும் (கார்டுக்குள்ள மெமரிக்கு போற ரோடு) 128 பிட்ல இருந்து 96 பிட்டா கொறஞ்சுருச்சு. 70 வாட் தான் இழுக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம், சின்ன எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வச்சிருக்கறவனுக்கு அதுல ஒரு வசதி இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா சைபர்பங்க் ஆடவா, வேண்டாம். இதே கூத்து 3060லயும் உண்டு, 12ஜிபின்னா 192 பிட், அதே பேர்ல வர 8ஜிபின்னா 128 பிட். பொட்டில 3060ன்னு இருக்குன்னு காச நீட்டிராதீங்க, ஓரத்துல எத்தன ஜிபின்னு பாருங்க.

ரெண்டாவது கடைல 3060 12ஜிபி புது ஸ்டாக்கு இருந்துச்சு, 4060ய விட கம்மி தான். அங்க நின்னு அர மணி நேரம் யோசிச்சேன், கடக்காரரு டீ வாங்கி குடுத்துட்டாரு பாவம். ஒரு பக்கம் 12 ஜிபி மெமரி. இன்னொரு பக்கம் 4060ல என்விடியாவோட ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவுல கூடுதலா ஃப்ரேம வரஞ்சு செருகுறது) இருக்கு, 3060ல அது இல்ல. கரண்ட்டும், 3060 170 வாட், 4060 115 வாட். என் எஸ்எம்பிஎஸ் 450 வாட், நல்ல பிராண்ட் தான் ஆனாலும் அஞ்சு வருஷம் ஓடுனது. என்விடியாவே 4060க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடுங்கன்னு சொல்றான், அது நாலு பேர் நாலு விதமா டப்பா எஸ்எம்பிஎஸ் வச்சிருப்பான்னு பயந்து ஏத்தி சொல்றது, நல்ல 450 தாங்கும்னு தைரியத்துல 4060 எடுத்தேன். (கேபினெட்டோடயே சேத்து 500, 600 ரூபாய்க்கு வரும்ல தகர டப்பா எஸ்எம்பிஎஸ், அதுல 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், அத நம்பி 30 ஆயிர ரூபா கார்ட மாட்டாதீங்க. அந்த ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர்.)

மூணாவது கடைல 28 ஆயிரத்து சொச்சத்துக்கு முடிஞ்சுது, ரெண்டு ஃபேன் மாடல். "பில்லு வேணுமா சார், இல்லாம போட்டா கொறச்சு தரேன்"னு கேட்டாங்க. தம்பியா இருந்தவன் காசு எடுத்ததும் சார் ஆயிட்டேன். 18 பர்சண்ட் ஜிஎஸ்டி போகும்னு வயிறு எரிஞ்சாலும் பில்லு போட்டே வாங்குங்க, பில்லுல கார்டோட சீரியல் நம்பர் எழுத சொல்லுங்க, பொட்டில இருக்கற நம்பரும் கார்டு மேல ஒட்டிருக்கற நம்பரும் ஒண்ணான்னு அங்கயே நின்னு பாருங்க. மூணு வருஷ வாரண்ட்டிக்கு அந்த ஒரு துண்டு பேப்பர் தான் சாட்சி.

வீட்டுக்கு வந்து மாட்டி, பழைய டிரைவர் எல்லாம் சுத்தமா தூக்கி, புது டிரைவர் போட்டு, கேம ஓப்பன் பண்ணா அல்ட்ரா ப்ரீசெட்டு, டிஎல்எஸ்எஸ் (எஃப்எஸ்ஆர் மாதிரியே, என்விடியாவோடது) க்வாலிட்டி, உள்ளயே இருக்கற பெஞ்ச்மார்க்க (வேகம் பாக்கற டெஸ்ட்) ஓட விட்டேன், ஆவரேஜ் 80 பக்கம் காட்டுச்சு. அம்மாவ கூப்ட்டு காட்டுனேன், "அதே தானடா இருக்கு"ன்னாங்க. சரி விடுங்க.

பிரச்சன அதுக்கப்புறம் தான். பெஞ்ச்மார்க் பார்ல ஆரம்பிச்சு தெருவுக்கு வந்து முடிஞ்சுரும், அது கேமோட லேசான பகுதி. நிஜமா ஆடும்போது கேம்ல வர கபுகி மார்க்கெட்டு உள்ள போனேன், ஜனக்கூட்டம், கடைங்க, மேல ஒயரு, நியான் லைட்டு. அங்க திரும்புனா டக்குனு படம் நின்னு ஒரு வெட்டு, நாலடி நடந்தா இன்னொரு வெட்டு. கார் எடுத்துட்டு வேகமா போனா ஒவ்வொரு சிக்னல் தாண்டும்போதும் ஒரு குலுக்கல், பழைய டவுன் பஸ்ல பின் சீட்டுல உக்காந்த மாதிரி. மூலைல எஃப்பிஎஸ் நம்பர் மட்டும் 65, 70ன்னு சிரிச்சுட்டு இருக்கு.

உடனே நான் என்ன பண்ணேன், செட்டிங்ஸ கொறச்சேன். அல்ட்ராவ ஹைக்கு மாத்துனேன், வெட்டு போகல. மீடியம், போகல. எல்லாமே லோ, அப்பவும் அதே வெட்டு, படம் மட்டும் அசிங்கமாச்சு. இந்த எடத்துல எவனுக்கும் பல்ப் எரிஞ்சிருக்கணும், செட்டிங்ஸ தரைக்கு கொறச்சும் மாறலன்னா பிரச்சன கார்டுல இல்லன்னு. எனக்கு எரியல. கார்டு டூப்ளிகேட்டுன்னு முடிவே பண்ணிட்டேன், அந்த கடைக்கு போய் சண்ட போடலாம்னு பில்ல எல்லாம் எடுத்து வச்சுட்டேன்.

காலேஜ்ல கூட படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன், இப்ப ஐடில இருக்கான், ஃபோன்ல கேட்டதும் மொத கேள்வி, "மச்சி, கார்டு எத்தன பர்சண்ட் ஓடுது?" ஆஃப்டர்பர்னர்னு கார்டு நெலவரம் காட்டற சாஃப்ட்வேர் போட்டு பாத்தா 55, 60 தான். கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கு, வேல வந்து சேரல. "ஃப்ரேம் டைம் கிராஃப போட்டு விடு, எஃப்பிஎஸ் நம்பர பாக்காத"ன்னான். இந்த ஒரு விஷயத்த எல்லாரும் கத்துக்கணும். 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு செகண்டுல 59 ஃப்ரேம் சீக்கிரம் வந்து ஒண்ணு மட்டும் 80 மில்லிசெகண்ட் எடுத்துச்சுன்னா ஆவரேஜ் அப்பவும் நல்லாவே இருக்கும், ஆனா அந்த ஒண்ணு தான் கண்ணுல குத்தும். கோடு நேரா போகணும். என்னோடது ஈசிஜி மாதிரி இருந்துச்சு.

அடுத்த கேள்வி, "ரேம் எத்தன ஸ்டிக்கு?"

ஒண்ணு. 2020ல அசெம்பிள் பண்ணி குடுத்தவரு "16 ஒரே ஸ்டிக்கா போட்டுக்கோங்க, பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம்"னாரு, அந்த பின்னாடி வரவே இல்ல. ஒத்த ஸ்டிக்குன்னா சிங்கிள் சேனல், ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்கற ரோட்டுல பாதி அடச்சு வச்ச மாதிரி. சின்ன கேம்ல தெரியாது. சைபர்பங்க் மாதிரி ஓப்பன் வேர்ல்டுல நீங்க நகர நகர தெரு, ஆளு, கார், சத்தம் எல்லாத்தையும் எஸ்எஸ்டில இருந்து இழுத்து, பிரிச்சு, ரேம் வழியா தள்ளிட்டே இருக்கும், அங்க அடச்சா அந்த வெட்டு வரும். அது மட்டுமா, பயாஸ் (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள போனா ரேம் 2400ல ஓடுது. ஸ்டிக்கு மேல 3200ன்னு எழுதிருக்கு, ஆனா பயாஸ்ல எக்ஸ்எம்பிங்கற ஆப்ஷன ஆன் பண்ணாம அது தானா 3200 போகாது. அஞ்சு வருஷமா 3200க்கு காசு குடுத்துட்டு 2400ல ஓட்டிருக்கேன்.

அதே மாடல் 16ஜிபி இன்னொண்ணு தேடி புடிச்சேன், அப்ப 3 ஆயிரம் கிட்ட ஆச்சு (அப்புறம் ரேம் விலை ஏறுனத பாத்தா, அந்த நேரத்துல வாங்குனத நெனச்சு சந்தோஷமா இருக்கு). போர்டுல நாலு ஸ்லாட்டு இருந்தா ப்ராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது, அதுல தான் ஜோடியா போடணும், 1, 2 இல்லன்னா 3, 4ன்னு அடுத்தடுத்து போட்டா திரும்பவும் சிங்கிள் சேனல் தான். போட்டு எக்ஸ்எம்பி ஆன் பண்ணிட்டு அதே கபுகி, அதே நேரம், அதே ரோடு. ஒரு பர்சண்ட் லோன்னு சொல்வாங்கள்ல, இருக்கறதுலயே மோசமான ஃப்ரேமுங்களோட கணக்கு, அது முன்னாடி 34, இப்ப 51. ஆவரேஜ் பெருசா ஏறல, ஆனா கைல தெரியுது. கார் ஓட்டும்போது குலுக்கல் போச்சு. கடைக்கு சண்டைக்கு எடுத்து வச்ச பில்ல திருப்பி ஃபைல்ல வச்சேன்.

அதுக்கப்புறமும் டாக்டவுன் ஸ்டேடியம் பக்கம் கொஞ்சம் இழுத்துச்சு, அது ப்ராசசர். 3600ல ஆறு கோர் இருந்தாலும் அது மூணு மூணா ரெண்டு கூட்டமா பிரிஞ்சிருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியா 16 எம்பி கேஷ் (ப்ராசசர் உள்ளயே இருக்கற சின்ன மெமரி), இந்த கூட்டத்துல இருந்து அந்த கூட்டத்துக்கு சேதி போகணும்னா சுத்தி போகணும். ரைசன் 5 5600ல ஆறும் ஒரே கூட்டம், 32 எம்பியும் பொது. பி450 போர்டுலயே பயாஸ் அப்டேட் பண்ணிட்டு மாட்டிக்கலாம், போர்டு மாத்த வேண்டாம், ஏஎம்4 (இந்த போர்டோட ப்ராசசர் சாக்கெட்டு) வாங்குனவனுக்கு ஏஎம்டி குடுத்த வரம் அது. ஆனா கடைல உஷாரு. 5600 கேட்டா "5600ஜி இருக்கு தம்பி, ரெண்டும் ஒண்ணு தான், இதுல கிராபிக்ஸும் சேந்தே வருது, உங்களுக்கு லாபம்"னு ஒருத்தர் எடுத்து வச்சாரு. ஒண்ணு இல்ல. 5600ஜில கேஷ் பாதி, 16 எம்பி தான், தனி கார்டு வச்சிருக்கறவனுக்கு அந்த உள்ளாற கிராபிக்ஸ் எதுக்கு? 5500ம் அதே கத. பேர்ல ஒரு எழுத்து, ஒரு நம்பர், அவ்ளோ தான் வித்தியாசம், கேம்ல நல்லாவே தெரியும்.

5600யே வாங்குனேன். அதுக்காக பயாஸ் அப்டேட் பண்ண அந்த நாலு நிமிஷம் இருக்கே. நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்தாலும் செத்துரும். என் வீட்டு யூபிஎஸ் பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு, மாடி வீட்டு அங்கிள் கிட்ட அவரோடத கடன் வாங்கி மாட்டி, "யாரும் மிக்சி போடாதீங்க, ஏசி போடாதீங்க"ன்னு வீட்ல 144 போட்டுட்டு ஸ்க்ரீன பாத்துட்டே உக்காந்தேன். 100 பர்சண்ட் வந்து ரீஸ்டார்ட் ஆனதும் தான் மூச்சு வந்துச்சு. அம்மா கிச்சன்ல இருந்து "இப்ப சட்னி அரைக்கலாமா"ங்கறாங்க.

சரி செட்டிங்ஸ். ப்ரீசெட்ட நம்பாதீங்க, அல்ட்ரா ஹை மீடியம்னு மொத்தமா மாத்துனா எது தின்னுதுன்னே தெரியாது. இந்த கேம்ல நெஜமா கார்ட தின்னுறது நாலஞ்சு தான். மொத எதிரி ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன் (தரை, தண்ணில தெரியற பிம்பம்). அதுல சைக்கோன்னு ஒரு லெவல் வச்சிருக்காங்க, பேரே சொல்லுது, அத ஆன் பண்ணா எஃப்பிஎஸ் சரியும், பதிலுக்கு கெடைக்கறது கண்ணுக்கு ரொம்ப கொஞ்சம். அதே சமயம் லோல வச்சா இன்னொரு தொல்ல, மழ பேஞ்சு நனஞ்ச ரோட்டுல நியான் வெளிச்சம் விழும் பாருங்க, ஜிக் ஜிக் ஸ்ட்ரீட்ல நின்னு தரைய பாத்தா தண்ணி மேல ரவா தூவுன மாதிரி பொறி பொறியா நெளியும். ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் அதுவே தான் கண்ணுல படும். நான் ஹைல வச்சேன், ஃபிலிம் க்ரெய்ன ஆஃப் பண்ணேன், பாதி பொறி அதுலயே போச்சு. ஃபிலிம் க்ரெய்ன், க்ரோமாட்டிக் அபரேஷன், மோஷன் ப்ளர் மூணையும் அணைங்க, வேகம் ஏறுதுன்னு இல்ல, படம் கழுவி விட்ட மாதிரி ஆகும்.

அடுத்து வால்யூமெட்ரிக் ஃபாக் (மூட்டம்). அல்ட்ரால இருந்து மீடியம் கொண்டு வந்தா நல்லாவே மிச்சம் ஆகும், பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா ஒழிய வித்தியாசம் தெரியாது. மேகம், அதுவும் மீடியம், நைட் சிட்டில (கேம் நடக்கற ஊரு) வானத்த யாரு பாக்கறா. ஆம்பியண்ட் அக்லூஷன் (மூலை முடுக்குல விழற நெழல்) மீடியம். நெழல்ல தூரத்து நெழல், கேஸ்கேடட் நெழல் ரெசல்யூஷன் எல்லாம் மீடியம், பக்கத்து நெழல் மட்டும் ஹை. கண்ணாடி க்வாலிட்டின்னு ஒண்ணு இருக்கு, அது பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னா மட்டும் தான் வேல செய்யும், உங்க கேரக்டர் வியோட மூஞ்சிய ரசிக்கறதுக்கு, எதுலயோ வச்சுக்கோங்க.

க்ரவுட் டென்சிட்டி (தெருவுல எத்தன ஜனம்) மட்டும் கார்ட விட பெரும்பாலும் ப்ராசசர் சமாச்சாரம். 3600 வச்சிருந்தப்ப மீடியம், 5600 வந்ததும் ஹை. ப்ராசசர் வீக்கா இருந்தா மொதல்ல இத கொறைங்க. ஆனா லோல வச்சா ஊரே கர்ஃப்யூ போட்ட மாதிரி ஆயிரும், அந்த ஊருக்கு அழகே கூட்டம் தான்.

டெக்ஸ்சர் க்வாலிட்டி (சுவரு, துணி மேல தெரியற நுணுக்கம்) பத்தி கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா 8ஜிபி கார்டோட வீக் பாயிண்ட் அங்க தான். இத மெயின் மெனுல இருந்தா தான் மாத்த முடியும், கேம் ஓடும்போது மாத்த விடாது, நெறைய பேர் தேடிட்டு காணோம்னு விட்டுருவாங்க. 1080பில ரே ட்ரேசிங் (நெஜ வெளிச்சம் மாதிரி கணக்கு போட்டு காட்டறது) இல்லாம ஹை வச்சா 8 ஜிபிக்குள்ள அடங்கும். ரே ட்ரேசிங் போட்டு, அதுக்கு மேல ஃப்ரேம் ஜெனரேஷனும் போட்டா, ஃப்ரேம் ஜெனரேஷனுக்கே தனியா மெமரி வேணும், பானை நெறஞ்சு வழியும். வழிஞ்சது எங்க போகும், சிஸ்டம் ரேமுக்கு, பிசிஐ லைன் வழியா. 4060க்கு அந்த லைன்ல 16 லேன் இல்ல, 8 லேன் தான் குடுத்துருக்காங்க. அது பிசிஐ ஜென் 4 போர்டுல பரவால்ல, என்ன மாதிரி பி450ன்னா ஜென் 3, இருந்த ரோடும் பாதி ஆயிருது. அதனால மெமரி வழியற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, வழிஞ்ச நிமிஷம் 70ல இருந்து 25க்கு விழும். பழைய போர்டு வச்சிருக்கறவங்க இந்த கார்டு வாங்கும்போது இத யோசிங்க. இந்த ஒரு விஷயத்துல 12ஜிபி 3060 வாங்குனவன் நிம்மதியா தூங்குவான், ஒத்துக்கறேன்.

டிஎல்எஸ்எஸ் பத்தி. 1080பில க்வாலிட்டின்னு போட்டா உள்ள ஓடுறது 720பி தான், பெர்ஃபார்மன்ஸ்னா 540பி. முன்னாடி இது 1080பி மானிட்டர்ல சுமார் தான், ஓடுற கார் பின்னாடி வால் மாதிரி கோடு இழுக்கும், தூரத்து ஒயரெல்லாம் விட்டு விட்டு தெரியும். 2025 ஜனவரில 2.21 பேட்ச்ல டிஎல்எஸ்எஸ்ஸுக்கு டிரான்ஸ்ஃபார்மர்னு புது ஏஐ மாடல் வந்துச்சு, செட்டிங்ஸ்லயே மாத்திக்கலாம். கொஞ்சம் வேகம் கொறையும், ஆனா படம் அவ்ளோ தெளிவு, நான் முன்னாடி க்வாலிட்டில பாத்தத இப்ப பேலன்ஸ்ட்லயே பாக்கறேன். இது புது 50 சீரிஸுக்கு மட்டும் இல்ல, பழைய 2060 வச்சிருக்கறவங்களுக்கும் உண்டு, போய் ஆன் பண்ணுங்க மொதல்ல.

ஃப்ரேம் ஜெனரேஷன் பத்தி கடைக்காரங்க "120 எஃப்பிஎஸ் வரும்"பாங்க. வரும், நம்பர். அது ரெண்டு நெஜ ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ண வரஞ்சு செருகுறது, மவுஸ் அசைவு நெஜ ஃப்ரேம்ல தான் எடுபடும். நெஜம் 60 இருக்கும்போது போட்டா வெண்ணெய். நெஜம் 30ல போட்டா பாக்க வழுக்கும், கைல களி கிண்டுற மாதிரி இருக்கும். கஞ்சிக்கு ஊறுகாய் தொட்டுக்கலாம், ஊறுகாய்க்கு கஞ்சி தொட்டுக்க முடியாதுல்ல.

ரே ட்ரேசிங்ல நான் வச்சிருக்கறது ரிஃப்ளெக்ஷன் மட்டும். அத போட்டா அந்த ஸ்க்ரீன் ஸ்பேஸ் சமாச்சாரம் தானா ஒதுங்கிரும், தண்ணில ரவா போச்சு, கடை கண்ணாடில எதிர் தெருவே தெரியும். லைட்டிங், சன் ஷேடோ எல்லாம் ஆஃப். ரே ட்ரேசிங் ப்ராசசரையும் சேத்து அடிக்கும், இது பல பேருக்கு தெரியாது, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஊரோட அமைப்ப கணக்கு போட்டு குடுக்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. 3600ல போட்டப்ப கார்ட விட ப்ராசசர் தான் மொதல்ல கைய தூக்குச்சு. பாத் ட்ரேசிங் (ரே ட்ரேசிங்கோட உச்சம்) 2023 ஏப்ரல்ல வந்தது, ஒரு ராத்திரி ஆன் பண்ணி ஜாப்பன்டவுன்ல நின்னு பத்து நிமிஷம் வாய பொளந்து பாத்தேன், ஃபோட்டோ மோடுல நாலு படம் எடுத்தேன், ஆஃப் பண்ணிட்டேன். திருவிழால ராட்டினம் ஏறுற மாதிரி, ஒரு ரவுண்டு போதும்.

இப்ப நெலவரம், 1080பி, டிஎல்எஸ்எஸ் பேலன்ஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர், ரே ட்ரேசிங் ரிஃப்ளெக்ஷன் ஆன், ஃப்ரேம் ஜெனரேஷன் ஆஃப், 60ல லாக். மானிட்டர் 144 தான், ஆனா மே மாசம் மெட்ராஸ்ல மாடி ரூம்ல 100 எஃப்பிஎஸ் ஓட விட்டா கார்டு தாங்கும், நான் தாங்க மாட்டேன். 60ல லாக் பண்ணா கார்டு 65, 68 டிகிரிலயே நிக்குது, ஃபேன் சத்தமும் இல்ல. கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வச்சு ஆர்ஜிபி எரியற மாடல வாங்கிட்டு காத்து வரலன்னு அழாதீங்க, வல வச்ச கேபினெட் வாங்குங்க. மானிட்டர் பத்தி சொன்னதால ஞாபகம் வருது, என் சித்தப்பா பையன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி எட்டு மாசம் விண்டோஸ்ல 60லயே வச்சு ஓட்டிட்டு, "144க்கும் 60க்கும் வித்தியாசமே இல்லண்ணா, எல்லாம் ஏமாத்து"ன்னான். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் மாத்தி விட்டேன், ரெண்டு நாள் என் கூட பேசல.

இப்ப புதுசா வாங்கறவங்களுக்கு 4060 சொல்வேனா? விலை நல்லா எறங்கி கெடச்சா, 1080பி மட்டும்னா, சரி. இல்லன்னா 8ஜிபி கார்டுக்கு இனிமே முழு விலை குடுக்க மனசு வரல, 5060யும் 8 தான் குடுத்துருக்கான், ரேடியான் பக்கம் 9060 எக்ஸ்டில 16ஜிபி மாடல் இருக்கு, பட்ஜெட் எட்டுனா அத பாருங்க. அதுலயும் 8ஜிபின்னு ஒண்ணு இருக்கு, மறுபடியும் பொட்டி ஓரத்த பாருங்க. கார்டுக்கு 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு மெமரிக்காக கொறச்சது.

பழைய 1650ய போன மாசம் தான் வித்தேன். செங்கல்பட்டுல இருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான், பைக்ல, பேப்பர் சுத்தி பைல போட்டு குடுத்தேன். காசு எண்ணி குடுத்துட்டு கெளம்பும்போது, "அண்ணா, இதுல சைபர்பங்க் ஓடுமா"ன்னான்.

"ரேம் எத்தன ஸ்டிக்குப்பா வச்சிருக்க?"

"ஒண்ணு தான்ணா. 8 ஜிபி. கடைல சொன்னாங்க, பின்னாடி சேத்துக்கலாம்னு."